ஊர் ஏறும் முன் படிக்க வேண்டியவை

கேரளத்தின் அட்டப்பாடியை ஆய்வுக்களமாகக் கொண்டவர்கள் கூடியிருக்கும் இந்த அவையில் ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். இருளர், முடுகர், குறும்பர் ஊர்களுக்கு வினாப்பட்டியலோடு ஏறும் முன், இம்மக்களிடம் இதுவரை என்ன கேட்கப்பட்டது, அவர்கள் சொன்னதில் எது பதிவாயிற்று என்பதைப் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து படித்து முடிக்க வேண்டும். இது ஆய்வு நெறி மட்டுமன்று. ஒரு நாள் கூலியை இழந்து நமக்காகப் பேசுகிறவரிடம், முப்பது ஆண்டுக்கு முன் அவர் தந்தை சொன்னதையே மறுபடி கேட்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

நிலத்தையே எடுத்துக்கொள்வோம். 1956 அக்டோபர் முடிய இப்பகுதி சென்னை ஆட்சியின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. மண்ணார்க்காட்டு மூப்பில் நாயர் போன்ற ஜன்மிகளின் (பெருநிலவுடைமையாளர்களின்) கையில் இருந்த காடுகளை அழிவிலிருந்து காக்கச் சென்னை அரசு 1949இல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. கேரளம் 1971இல் தனியார் காடுகளை அரசுடைமை ஆக்கியது. பழங்குடியினர் இழந்த நிலத்தை மீட்டுத்தர 1975இல் சட்டம் பிறந்தது. விதிகளோ 1986இல்தான் வந்தன. 1999இல் வந்த மாற்றுச் சட்டம் அந்த மீட்பின் எல்லையையே சுருக்கிவிட்டது. ஊர் மூப்பர் ஒருவர் தம் நிலம் போன கதையைச் சொல்லும்போது, அது இவற்றுள் எந்தக் காலத்து இழப்பு என்று அறியாதவர் அதைப் புலம்பலாகக் குறித்துக்கொள்வார். அறிந்தவர் சாட்சியமாகக் கேட்பார். அந்த அறிவுக்கான தாள்கள் ஓரிடத்தில் இல்லை. பழையவற்றைச் சென்னை எழும்பூரிலும் கோழிக்கோட்டிலும் உள்ள ஆவணக் காப்பகங்களில் தேட வேண்டும். பின்னாளைய சட்டமன்ற விவாதங்களுக்குத் திருவனந்தபுரம் போக வேண்டும். எங்கே, எந்தத் தொகுதியில் தேடுவது என்பதை முதலில் காட்டித்தருவது நல்ல நூலகமும் அதன் நூலகரும்தான்.

மொழியாய்விலும் இதே நிலைதான். மொழியியலாளர் கமில் சுவெலபில் இருளர் மொழி குறித்து எழுதிய மூன்று பகுதிகள் 1973 முதல் 1982 வரை ஜெர்மனியின் வீஸ்பாடனில் வெளிவந்தன. நீலகிரியைச் சார்ந்த அந்த நூல், அட்டப்பாடி என்ற பெயரைத் தட்டித் தேடுகிறவருக்கு எளிதில் அகப்படாது. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், ஒரு பொருளை அதன் பல முகங்களாகப் பிரித்து வகைப்படுத்தும் கோலன் பகுப்பை 1933இல் வெளியிட்டார். மக்கள், மொழி, இடம், காலம் என்று தனித்தனியே பிரித்துத் தேடும் அந்தப் பழக்கம் இங்குள்ள ஆய்வாளருக்கு இன்றியமையாதது என்பேன்.

எல்லாமே சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் கிடைக்கிறதே என்பார்கள். ஆய்வேடுகளை இணையத்தில் சேர்ப்பது பெரும் நன்மை, மறுக்கவில்லை. ஆனால் தட்டச்சுப் படிகளாகவே நின்றுவிட்ட பழைய ஆய்வேடுகள் எல்லாம் அங்கே ஏறிவிடவில்லை. நாம் கேட்கத் தெரியாத ஒன்றை எந்தத் தேடுபெட்டியும் தானாக எடுத்துத் தராது. நூலகத்தில் இருப்பது ஆள வந்தவர்கள் எழுதியதுதானே என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் மனிதர்களின் மூக்கும் மண்டையும் அளக்கப்பட்டிருப்பது உண்மை. அதனால்தான் அதைப் படிக்கச் சொல்கிறேன். தர்ஸ்டனைப் படிக்காதவரின் வினாப்பட்டியலில்தான் அவருடைய பகுப்புகள் அடையாளம் தெரியாமல் மீண்டும் நுழைகின்றன. அச்சில் உள்ளதைத் தெரிந்துகொண்டு போனால்தான், அதை ஊர்ப் பெரியவர் திருத்தும்போது அது திருத்தம் என்று நமக்குப் புரியும்.

என்னால் எளிதில் தள்ள முடியாத மறுப்பு தூரம். அகளி மாணவர் சுரம் இறங்கி மண்ணார்க்காடு வழியாகத் தேஞ்ஞிப்பலத்தின் கோழிக்கோடு பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். ஆனைகட்டி வழியே கோவை பாரதியார் பல்கலைக்கழகம் பக்கம், ஆனால் அது வேறு மாநிலம். தன் மக்களைப் பற்றிய நூலைப் பார்க்க, எழுதப்பட்டவரின் பேரப்பிள்ளைதான் எல்லோரையும்விட அதிகம் அலைகிறது. ஆகவே இரண்டு கோரிக்கைகள்: இந்த இரு பல்கலைக்கழகங்களும் இப்பகுதி மாணவர்க்கு ஒன்றின் நூலக அட்டையை மற்றொன்றில் ஏற்க வேண்டும். அட்டப்பாடியில் தரவு திரட்டிய ஒவ்வோர் ஆய்வேட்டின் படியும், தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய சுருக்கத்தோடு, இங்குள்ள அரசுக் கல்லூரி நூலகத்துக்கு வந்து சேர வேண்டும். இவ்விரண்டையும் நிறைவு அமர்வில் தீர்மானங்களாக எடுத்துக்கொள்ளுமாறு அவையைக் கேட்டு, முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.