பாரம் தூக்கப் பழகுவோம்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



உங்களில் பலருக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அலையில் ஆடும் படகிலிருந்து கரையேற, ஒற்றைக் காலை ஊன்றி உடம்பு முழுவதையும் தூக்கவேண்டும். இருபது வயதில் அது ஒரு வேலையே அல்ல. எழுபதில் இரண்டு பேர் கைபிடிக்க வேண்டியிருக்கிறது. திருவிழாவுக்கு நயினாதீவு போக ஆசை இருந்தும், "எனக்கு ஏலாது பிள்ளை" என்று வீட்டில் நின்றுவிடும் அம்மாமாரை நான் நிறையக் காண்கிறேன். அந்த "ஏலாது" வயதால் மட்டும் வருவதல்ல. வேலையில்லாமல் தசை மெலிவதாலும் வருகிறது.

நடுவயதிலிருந்து தசை மெல்லக் குறைகிறது. மாதவிடாய் நின்றபின் சில ஆண்டுகளுக்கு எலும்பின் அடர்த்தியும் வேகமாகக் குறைகிறது. நடப்பது இதயத்துக்கு நல்லது. ஆனால் அது மட்டும் போதாது. வாரத்தில் 2 நாட்களாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வழிகாட்டலில் சொல்கிறது.

"எங்கள் அம்மம்மாமார் பயிற்சி செய்தார்களா?" என்று கேட்பீர்கள். நன்னீர்க் கிணறு தேடி நடந்து, குடம் சுமந்தார்கள். ஆனால் அந்தப் பாரத்தின் அளவு அவர்கள் கையில் இருக்கவில்லை. இடுப்பு நொந்த நாளிலும் ஓய்வு இல்லை. எங்களுக்கு இரண்டும் கையில் உண்டு. பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். இடையில் ஒரு நாள் ஆறலாம். சுமைக்கும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

முதலில் கை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி, மெதுவாக இருங்கள். 12 தடவை இலகுவாக வந்தால் உடம்பு அதற்குப் பழகிவிட்டது. இனிப் பாரத்தைக் கூட்டவேண்டும். பிள்ளைகளின் பழைய புத்தகப்பை போதும். 1 லீற்றர் தண்ணீர் 1 கிலோ. இரண்டு போத்தல்களை உள்ளே வைத்து, ஆடாதபடி துணியால் இறுக்கி, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்புங்கள். 8 முதல் 12 தடவை. சற்று ஆறி, மீண்டும் ஒரு முறை. கடைசி இரண்டு தடவை கடினமாக இருக்கவேண்டும், நோகக்கூடாது. 12 மறுபடி இலகுவானால் இன்னும் 1 கிலோ. அதே போத்தலில் உலர்ந்த மணலை நிரப்பினால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பாரம். ரொறன்ரோ அடுக்குமாடியில் இருப்பவருக்கு அரிசிப் பை இருக்கிறது.

பையை முதுகில் மாட்டி, ஒரு கையால் பிடிமானத்தைப் பற்றிக்கொண்டு வாசற்படியில் ஏறி இறங்குங்கள். படகிலிருந்து கரையேறுவதும் இதே அசைவுதான். ஒரு கையை மேசையில் ஊன்றி, மறு கையால் பையை இடுப்புவரை இழுத்தால் முதுகும் தோளும் வலுப்பெறும். மூச்சை அடக்கவேண்டாம், எழும்பும்போது வெளியே விடுங்கள். கட்டுப்படாத இரத்த அழுத்தம், நெஞ்சுவலி, முன்பு எலும்பு முறிவு, நீரிழிவால் கண்ணில் பாதிப்பு, கருப்பை இறக்கம் ஆகியவை உள்ளவர்கள் முதலில் தமது வைத்தியரைக் கேளுங்கள்.

வயது போனபின் பாரம் தூக்கக்கூடாது என்ற எண்ணம் எங்களிடம் ஆழமாக உண்டு. எலும்பு அடர்த்தி குறைந்த, 58 வயதுக்கு மேற்பட்ட பெண்களை வைத்து அவுஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2018இல் வெளியானது. பயிற்சியாளரின் கண்காணிப்பில், வாரம் இரு தடவை, 30 நிமிடம், 8 மாதங்கள் நல்ல பாரம் தூக்கினார்கள். முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. கதிரையிலிருந்து எழும்பும் வேகமும் கூடியது.

"அம்மா, நீங்கள் தூக்காதேங்கோ, தாங்கோ" என்று தாயின் கைப்பையைக்கூட வாங்கிவிடுகிறோம். அன்புதான். ஆனாலும் அவர் தூக்கக்கூடியதை அவரிடமே விடுங்கள். அடுத்த மாதம் இன்னும் ஒரு கிலோ கூட்டிக் கொடுங்கள்.