14 வருசக் கணக்கு: மாடியில சோலார், கொல்லையில ஹீட் பம்ப்

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, கொஞ்சம் சுருக்கியது)

இன்னைக்கு கோடிங் இல்ல, இன்டர்வியூ டிப்ஸ் இல்ல. எங்க வீட்டு கரண்ட் பில் பத்திப் பேசப் போறேன். நிறைய பேர் கேட்டிருந்தீங்க, "ஊர்ல சோலார் போட்டீங்களாமே, ஒர்த்தா ப்ரோ?"ன்னு. ஒரே வரியில பதில் வேணும்னா, எங்க வீட்டுக்கு வெறும் பணக் கணக்குல பார்த்தா பெரிய லாபம் இல்ல. ஆனா போட்டதுல எனக்கு வருத்தமும் இல்ல. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதுதான் இந்த எபிசோட்.

எங்க ஊர் தேனி மாவட்டம், சின்னமனூர் பக்கம். கம்பம் பள்ளத்தாக்கு. எங்க பக்கம் பல வீடுகள்ல சாமி படத்தோட பென்னிகுயிக் படமும் மாட்டியிருக்கும். 1895ல அவர் கட்டி முடிச்ச முல்லைப் பெரியாறு அணைத் தண்ணி, மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா இந்தப் பக்கம் வருது. குமுளி மலைப்பாதையில போனவங்க பார்த்திருப்பீங்க, ராட்சசக் குழாய்ங்க சரிவுல இறங்கும். அந்தத் தண்ணி லோயர் கேம்ப்ல டர்பைனைச் சுத்திட்டுத்தான் எங்க வயலுக்கு வருது. 1958ல இருந்து அங்க கரண்ட் எடுக்கிறாங்க. ஆண்டிப்பட்டி, கண்டமனூர் பக்கம் போனா காத்தாடிங்க வரிசையா நிக்கும். அதாவது கரண்ட் தயாரிக்கிறது எங்க மண்ணுக்குப் புதுசு இல்ல. ஆனா எங்க வீட்டுல வெந்நீர் மட்டும் தென்னமட்டையிலதான் காஞ்சுது.

அதுக்குக் காரணம் எங்க அப்பத்தா. காலையில நாலரை மணிக்கு எந்திரிச்சு, கொல்லையில வெந்நீர் அடுப்புல மட்டையையும் பன்னாடையையும் சொருகி, அண்டாவுல தண்ணி காயவைக்கும். செலவு பூஜ்யம். சுத்தி தென்னந்தோப்பு, மட்டைக்குப் பஞ்சமே இல்ல. பிரச்சனை எங்கன்னா, மூணு வருசமா அப்பத்தாவுக்கு இருமல் நிக்கல. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். நுரையீரல் பரிசோதனை எல்லாம் எடுத்துப் பார்த்துட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "பாட்டி பீடி குடிப்பாங்களா?" இல்லைங்க. "அப்போ விறகு அடுப்பா?" ஆமாங்க. "அதை நிறுத்துங்க. மருந்து அதுக்கப்புறம்." அவ்வளவுதான் சொன்னாரு.

நான் சாஃப்ட்வேர் ஆளு. உடனே ஸ்ப்ரெட்ஷீட் திறந்துட்டேன். முதல்ல வெந்நீர். 100 லிட்டர் தண்ணியை 26 டிகிரியில இருந்து 56 டிகிரிக்குக் கொண்டு போகணும்னா, இயற்பியல் கணக்குப்படி சுமார் மூன்றரை யூனிட் வெப்பம் வேணும். சாதா கீசர் போட்டா அந்த மூன்றரை யூனிட்டையும் கரண்ட்லயே குடுக்கணும். ரெண்டு மாசத்துக்கு 210 யூனிட்.

ஹீட் பம்ப் வேற மாதிரி. உங்க வீட்டு ஃபிரிட்ஜ் பின்னாடி கை வச்சுப் பாருங்க, சூடா இருக்கும். உள்ள இருக்கிற சூட்டை உறிஞ்சி வெளிய தள்ளுது. ஹீட் பம்ப் அதே வேலையைத்தான் செய்யுது, வெளிக்காத்துல இருக்கிற சூட்டை எடுத்துத் தண்ணிக்குள்ள தள்ளுது. கரண்ட் சூட்டை உருவாக்கல, சூட்டை இடம் மாத்துது. அதனால ஒரு யூனிட் கரண்டுக்கு ஏறக்குறைய மூணு யூனிட் வெப்பம் கிடைக்கும். ஐரோப்பாவுல பனிக்காலத்துல காத்துல சூடு கம்மி, அதனால அங்க அது கஷ்டப்பட்டு உழைக்கும். நம்ம ஊர்ல காத்து 30 டிகிரி. அதுக்கு ஜாலி. 210 யூனிட் வேலையை 70 யூனிட்ல முடிச்சுடும்.

"சோலார் வாட்டர் ஹீட்டர் போடலாமே, இன்னும் சீப்"னு சிலர் கேப்பீங்க. நியாயமான கேள்வி. கரண்டே வேண்டாம், விலையும் கம்மி. ஆனா ஆடி மாசம் மேகம் மூடினா அதுக்கும் கரண்ட் பேக்கப் வேணும். எங்க மாடி சின்னது, பேனலுக்கே இடம் பத்தல. எங்க போர் தண்ணி உப்பு வேற, குழாய்க்குள்ள படிஞ்சுடும். உப்பு ஹீட் பம்ப்பையும் விடாது, வருசத்துக்கு ஒரு தடவை சுத்தம் பண்ணணும். உங்க வீட்டுல மாடியும் நல்ல தண்ணியும் இருந்தா, முதல்ல அதையே பாருங்க.

அடுத்து சமையல். ஒரு 14.2 கிலோ சிலிண்டர் செய்யுற வேலையை இண்டக்ஷன் அடுப்புல செய்ய ஏறக்குறைய 130 யூனிட் ஆகும். கேஸ் அடுப்புல பாதிக்குப் பக்கமான சூடு பாத்திரத்தைச் சுத்தி வீணாப் போயிடும், இண்டக்ஷன்ல அவ்வளவு போகாது. அதனாலதான் யூனிட் இவ்வளவு கம்மி.

இப்போ முக்கியமான இடம். நாங்க கணக்குப் போட்டப்போ தமிழ்நாட்டுல வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமா இருந்துச்சு. அதுக்கு மேலயும் ஆரம்ப ஸ்லாப் விலை கம்மி. ஆனா 500 யூனிட்டைத் தாண்டினா சலுகையில ஒரு பகுதி போயிடும், மேல இருக்கிற ஸ்லாப் விலையும் ஏறிடும். அப்போ எங்க வீடு 420 யூனிட், பில் சுமார் 1,300 ரூபாய். இதுல ஹீட் பம்ப் 70, இண்டக்ஷன் 130 சேர்த்தா 620. பில் 3,000 பக்கம் போயிடும்! 200 யூனிட் கூடினதுக்கு 1,700 ரூபாய் கூடுது. அதனால வரிசை முக்கியம் மக்களே. முதல்ல சோலார், அப்புறம் மத்தது. மாத்திப் பண்ணா, முதல் பில்லைப் பார்த்து வீட்டுல உங்களைத் தொலைச்சுடுவாங்க.

2024 பிப்ரவரியில ஒன்றிய அரசு பி.எம். சூர்ய கர் திட்டம் கொண்டு வந்தாங்க. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டோ அதுக்கு மேலயோ போட்டா 78,000 ரூபாய் மானியம். போர்ட்டல்ல பதிஞ்சு, அங்க பதிவு பண்ணின நிறுவனத்தை வச்சுப் போடணும். பேனல்ல இருக்கிற செல் வரைக்கும் இந்தியாவுல செஞ்சதா இருக்கணும். ரெண்டு பக்கமும் எண்ணுற மீட்டர் மாட்டின பிறகுதான் மானியம் பேங்க்ல வரும். அதனால முழுப் பணமும் முதல்ல உங்க கையில இருக்கணும், இல்ல கடன் வாங்கணும்.

நாங்க 3 கிலோவாட் போட்டோம். 1,95,000 ஆச்சு, மானியம் போக 1,17,000. ஹீட் பம்ப் 60,000. இண்டக்ஷன் 3,000. மொத்தம் 1,80,000. மிச்சம் எவ்வளவு? அப்போ ரெண்டு மாசத்துக்கு பில் 1,300, ஒரு சிலிண்டர் 870 மாதிரி. வருசத்துக்கு 13,000. போட்ட காசு திரும்பி வர 14 வருசம்.

இந்த ஷீட்டை அப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டு முழுசாப் பார்த்தாரு. "தம்பி, 14 வருசமா? அதுக்குள்ள மாடு வாங்கி விட்டா கன்னு போட்டு கன்னு போட்டிருக்குமே"ன்னாரு. நான் அமைதியாயிட்டேன். உள்ள இருந்து அப்பத்தா இருமுற சத்தம் கேட்டுச்சு. அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "சரி, போடு"ன்னாரு. ஷீட்ல அந்த இருமலுக்கு நான் காலமே போடல.

இது எங்க கணக்கு. உங்க பில் ஏற்கனவே 700 யூனிட்னா கதையே வேற. பில் 3,800 பக்கம் வரும். 3 கிலோவாட் பேனல் நம்ம ஊர்ல ஒரு நாளைக்கு சராசரியா 12 யூனிட் தரும், ரெண்டு மாசத்துக்கு 720. மொத்தப் பில்லும் அடிபட்டுடும், அஞ்சு வருசத்துல காசு வந்துடும். 200 யூனிட் வீடா? பில்லே ரொம்பக் கம்மிதான். சோலார் அவசரமே இல்ல.

இப்போ நாங்க ஏமாந்த கதை. போன வருசம் ஆனி கடைசி, காத்து ஆரம்பிச்சிடுச்சு. எங்க பள்ளத்தாக்குக் காத்து தெரியும்ல, தென்ன மட்டை கம்பியில விழும், கரண்ட் போகும். அன்னைக்கு மதியம் ஒரு மணி, நல்ல வெயில், கரண்ட் போச்சு. அப்பா பெருமையா பக்கத்து வீட்டுக்காரரை வேற உக்கார வச்சிருக்காரு. எங்க வீட்டு ஃபேனும் நின்னுடுச்சு. இன்வெர்ட்டர் ஆஃப்.

அப்பாவுக்குக் கோபம்னா கோபம். "2011ல அரசாங்கம் பசுமை வீடு கட்டிக் குடுத்துச்சே, 300 சதுர அடி வீடு, அதுக்கே அஞ்சு சோலார் லைட்டு, கரண்ட் போனாலும் எரியும். நீ ரெண்டு லட்சம் போட்டு எரியல!" கேள்வி நியாயம்தான். அந்த வீடுகள்ல பேட்டரி உண்டு. எங்களுது லைனோட இணைஞ்ச சிஸ்டம், பேட்டரி கிடையாது. லைன்ல வர்ற 50 ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் இன்வெர்ட்டர் தாளம் போடும். லைன் செத்தா ரெண்டு செகண்டுக்குள்ள தானும் நின்னுடும். வேணும்னே அப்படித்தான் செஞ்சிருக்காங்க.

நான் இதை விளக்கிட்டு இருக்கும்போது பெரியப்பா வந்தாரு. ரிட்டயர்டு லைன்மேன். அவருக்கு வலது கையில ரெண்டு விரல் மடங்காது. சின்ன வயசுல இருந்து பார்க்கிறேன், ஏன்னு கேட்டதே இல்ல. அன்னைக்கு அவரே சொன்னாரு. ஒரு ராத்திரி ஃபீடரை ஆஃப் பண்ணிட்டு போஸ்ட்ல ஏறியிருக்காரு. கீழ ஒரு கல்யாண வீட்டுல ஜெனரேட்டரை நேரா வீட்டு வயரிங்ல சொருகிட்டாங்க, மெயினை ஆஃப் பண்ணல. கரண்ட் திரும்பி லைனுக்கு வந்துடுச்சு. கீழ விழுந்தவரு வைக்கோல் போர்ல விழுந்ததால பிழைச்சாரு.

"டேய் தம்பி, உன் பொட்டி நின்னுச்சுல்ல, அதான் நல்ல பொட்டி"ன்னாரு. "மேல ஒருத்தன் தொங்கிட்டு இருப்பான். அவன் இறங்குற வரைக்கும் நீ விசிறி இல்லாம உக்காந்தா ஒண்ணும் ஆகாது." அப்பா அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கல. எங்ககிட்ட பழைய யூ.பி.எஸ். பேட்டரி இருந்துச்சு, அதுல ரெண்டு ஃபேன், நாலு லைட் ஓடுது. போதும். முழு வீடும் ஓடணும்னா பேட்டரி வச்ச ஹைப்ரிட் சிஸ்டம் போடணும், கணக்கு இன்னும் நீளும். உங்களுக்கு யாராவது விக்கும்போது, "கரண்ட் போனா எரியுமா?"ன்னு முதல்லயே கேளுங்க.

ஒரு வருச டேட்டா எடுத்து வச்சிருக்கேன். மார்ச்ல ஒரு நாளைக்கு 14 யூனிட் வரைக்கும் வந்துச்சு. ஆடியில மலை மேல மேகம் தங்கிட்டா 5 யூனிட்தான். ஆனா அதே நாள் மாடியில நின்னு பார்த்தா தூரத்துல காத்தாடிங்க பேய் மாதிரி சுத்துது. வெயில் குறையுற மாசத்துல காத்து. லைனோட இணைஞ்சிருக்கிறதுல இது ஒரு சௌகரியம்.

அம்மா கேஸை முழுசா விடல. தோசைக்கல்லு அடி தட்டையா இருந்ததால இண்டக்ஷன்ல ஏறிடுச்சு. மண்சட்டி மீன் குழம்பு ஏறல. "குழம்புக்கு கேஸ் இருக்கட்டும்"னுட்டாங்க. ரெண்டு மாசத்துக்கு ஒண்ணரை வாங்கின சிலிண்டர் இப்போ அரைதான். இண்டக்ஷன் போடுறதுக்கு முன்னாடி சமையக்கட்டு வயரிங்கையும் எர்த்தையும் எலக்ட்ரீசியன்கிட்ட காட்டுங்க. 2,000 வாட்டைப் பழைய வயர் தாங்காது.

அப்பத்தா? முதல் மாசம் எங்கிட்ட சரியாப் பேசவே இல்ல. நாலரைக்கு எந்திரிச்சு, அணைஞ்ச அடுப்பு முன்னாடி சும்மா உக்காந்திருக்கும். "ஏ சாமி, வெந்நீர்ல வாசமே இல்லையே"ன்னு சொல்லும். புகையை எடுத்தோம், அதோட அப்பத்தா உக்கார்ற இடத்தையும் எடுத்துட்டோம்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. அந்தக் காலை நேரத்துல பக்கத்து வீட்டுக் கிழவிங்க மூணு பேர் வந்து கை காய்வாங்க, பேசுவாங்க. அதுக்கு ஹீட் பம்ப்ல பட்டன் இல்ல.

அடுப்பை இடிக்கல. பொங்கலுக்கும் கார்த்திகைக்கும் மட்டும் பத்த வைக்கும். மத்த நாள் அம்மா அதே இடத்துல நாலு டம்ளர் காபி வைக்கிறாங்க. கிழவிங்க வர்றாங்க. இருமல் முழுசாப் போகல, ஆனா ராத்திரி தூங்குது. டாக்டர் ஒரு மருந்தைக் குறைச்சிருக்காரு.

இன்னொண்ணு. ஹீட் பம்ப் காத்துல இருந்து சூட்டை எடுக்கிறதால, வெளிய தள்ளுற காத்து குளுகுளுன்னு இருக்கும். நான் அதை மதியம் 12 மணிக்கு ஓடுற மாதிரி டைமர் வச்சிருக்கேன். சித்திரை வெயில்ல ஊருக்குப் போனா, அப்பத்தா கொல்லையில அந்த மிஷின் முன்னாடி பாயைப் போட்டுப் படுத்திருக்கு. "வெந்நீரும் தருது, விசிறியும் வீசுது. முன்னாடியே வாங்கியிருக்கலாம்ல"ன்னு கேக்குது.

சரி மக்களே, உங்களுக்கு ஒரே ஒரு ஹோம்வொர்க். வீட்டு கரண்ட் கார்டையோ ஆப்பையோ திறந்து, கடைசி ஆறு பில்லுல யூனிட்டை மட்டும் எழுதுங்க. 500க்கு மேலயா கீழயான்னு பாருங்க. அப்புறம், கணக்குல வராதது உங்க வீட்டுல என்ன இருக்குன்னு யோசிங்க. எழுதி அனுப்புங்க, படிக்கிறேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.