குடிநோயிலிருந்து மீளும் தோழருக்குத் துணை நிற்போம்

(சித்தூரில் நடைபெற்ற கட்சிக் கிளைச் செயலாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதுவைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் அரசின் கொள்கையைப் பற்றியே பேசுகிறோம். அது அவசியமே. ஆனால் குடியினால் சிறிது சிறிதாக இயக்கத்தைவிட்டு விலகிப்போகும் நம் கிளைத் தோழருக்கு நாம் என்ன செய்கிறோம்? முதலில் அறிவுரை, பின்னர் கண்டனம், இறுதியில் உறுப்பினர் புதுப்பித்தலின்போது அவர் பெயரை விட்டுவிடுகிறோம். இந்த நடைமுறையை மாற்ற வேண்டும் என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

இந்த மண்ணுக்குப் பெருமைமிக்க வரலாறு உண்டு. 1992இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புகளில் பயின்ற ஏழைப் பெண்கள் சாராயக் கடைக்கு எதிராக எழுந்தனர். அந்தப் போராட்டம் சித்தூர் உள்ளிட்ட பல மாவட்டங்களுக்குப் பரவியது. 1993 அக்டோபர் 1 முதல் மாநிலமெங்கும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் அரசு அதைக் கைவிட்டது. 2019இல் அரசே கடைகளை எடுத்து நடத்தியது. 2024 அக்டோபரில் 3,396 கடைகளுக்கான உரிமங்கள் குலுக்கல் முறையில் தனியாருக்கு வழங்கப்பட்டன. ஆட்சிகள் மாறின, விற்பனை தொடர்கிறது.

சிகிச்சையின் நிலை என்ன? மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை தயாரித்து 2019இல் வெளியான ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மீதி 37 பேரையும் மனவுறுதி இல்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியுமா? தொழிலாளர்களின் குடிப்பழக்கத்தை அவர்களது வாழ்நிலையோடு இணைத்தே பார்க்க வேண்டும் என்று 1845லேயே எங்கெல்ஸ் எழுதினார். நாமோ இன்னும் ஒழுக்கக்கேடு என்றே பேசுகிறோம்.

நகரிப் பகுதியின் விசைத்தறித் தொழிலாளியான ஒரு தோழரின் அனுபவத்தை, அவர் அனுமதியுடன், பெயர் குறிப்பிடாமல் சொல்கிறேன். திருப்பதியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய அவரிடம், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகும்படி மருத்துவர் கூறினார். தனியாகப் போனார். கூட்டம் தெலுங்கில் நடந்தது. சந்தையிலும் தறிக்கூடத்திலும் தெலுங்கு பேசுபவர்தான். ஆனால் மனைவியின் தாலியை விற்றுக் குடித்ததை அந்த மொழியில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இறுதியில் பிரார்த்தனை நடந்தது. கடவுள் நம்பிக்கையற்ற தனக்கு அங்கே இடமில்லை என்று முடிவு செய்தார். ஒரு மாதத்தில் மீண்டும் குடித்தார். "திருந்தாதவர்" என்று கிளை தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் எனக்கும் பங்குண்டு, தோழர்களே.

நாம் அந்த அமைப்பைப் பற்றி எதையும் அறிந்திருக்கவில்லை. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில் குடிநோயாளிகளான இருவர் தொடங்கியது அது. 1957 முதல் இந்தியாவிலும் இயங்குகிறது. கட்டணம் இல்லை. சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். கடவுள் என்ற சொல் அதன் வழிமுறையில் உண்டு. ஆனால் அவரவர் புரிந்துகொண்டபடி என்றே இருக்கிறது. கூட்டத்தின் கூட்டு பலத்தையே அந்தச் சக்தியாகக் கொள்ளும் நாத்திகர்களும் அதில் இருக்கிறார்கள்.

இரண்டாம் முறை ஒரு தோழர் உடன் சென்றார். எல்லைக்கு அப்பால் தமிழில் நடக்கும் வேறொரு கூட்டம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூலி இழப்பில்லை. அங்கே தறி ஓட்டுபவரும் இருந்தார், லாரி ஓட்டுநரும் இருந்தார். அன்று அவர் பேசினார். இப்போதும் போய்வருகிறார். எத்தனை நாளாயிற்று என்று கேட்டால், "இன்று குடிக்கவில்லை, தோழர்" என்பார்.

எனவே கிளைகள் செய்ய வேண்டியவை சில. முதலாவது மருத்துவம். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் சித்தக் குழப்பமும் வரலாம், உயிரும் போகலாம். வீட்டில் அடைத்து வைப்பது சிகிச்சை ஆகாது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல உதவி எண் 14416.

இரண்டாவது, பொருத்தமான கூட்டத்தைத் தேடுவது. எந்த மொழியில் நடக்கிறது, பணிநேரத்துக்கு ஒத்துவருமா, திரும்பிவரக் கடைசிப் பேருந்து எப்போது, செலவு எவ்வளவு என்று விசாரியுங்கள். ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு கூட்டத்தைக் கொண்டு அனைத்தையும் மதிப்பிட வேண்டாம். திறந்த கூட்டமாயின் நீங்களும் உடன் அமரலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டுமே. தேநீர்க் கடையில் காத்திருங்கள். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற தனிக் குழுக்களும் உள்ளன.

மூன்றாவது, இரகசியம். அந்த அறையில் கேட்டதைக் கிளையில் பேசக் கூடாது. மீண்டும் வழுக்கி விழுந்தால் அதை ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆதாரமாக்கவும் கூடாது. நோய் திரும்பினால் சிகிச்சையும் திரும்பத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

மதுக்கடைகளுக்கு எதிரான போராட்டமும், ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் மீட்புச் சிகிச்சை வேண்டும் என்ற கோரிக்கையும் தொடரட்டும். அவற்றின் வெற்றிக்காகக் காத்திருக்க முடியாத தோழர் நம் கிளையிலேயே இருக்கிறார். இந்த வாரம் அவர் வீட்டுக்குப் போங்கள். கண்டிக்க அல்ல, உடன் அழைத்துச் செல்ல.