பஞ்சம் வானிலிருந்து விழுவதில்லை

 

'உலக மக்களின் பேரிடர்கள்: காரணங்களும் தீர்வும்' என்பது எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு. கடல்போல் விரிந்த அத்தலைப்பில் ஒரு துறையில் மட்டும் இறங்க விரும்புகின்றேன். அது பசி; நாடு முழுதும் பரவி உயிர் குடிக்கும் பஞ்சம் என்னும் பெரும்பசி.

பஞ்சம் என்றவுடன் வெடித்த வயலும் வற்றிய குளமும் நம் கண்முன் தோன்றுகின்றன. மழை பொய்த்தது, விளைச்சல் குன்றியது, மக்கள் மாண்டனர் என்று எளிதாகச் சொல்லி முடித்துவிடுகின்றோம். மழை பொய்ப்பது வறட்சி. அவ்வறட்சியைப் பஞ்சமாக்குவன மனிதர் செய்வனவும், செய்யாது விடுவனவுமே. இதுவே இன்று நான் நிறுவ விழையும் கருத்து.

நம் மண்ணிலிருந்தே தொடங்குவோம். 1876-இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி முதியோர் வாய்மொழியாகக் கேட்டோர் இவ்வவையில் இருக்கக்கூடும். பருவமழை தவறியது உண்மை. ஆனால் அந்நாளில் இருப்புப்பாதை இருந்தது, துறைமுகம் இருந்தது, நாட்டில் தானியமும் இருந்தது. விலை மிகுந்த இடம் நோக்கி வணிகர் அதனைக் கொண்டு சென்றனர், ஏற்றுமதியும் நிற்கவில்லை. நிவாரணப் பணியில் மண் சுமந்த ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் விதித்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவிற்கும் குறைவு. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதனை வன்மையாக எதிர்த்தார். பின்னரே அளவு உயர்த்தப்பட்டது. 1878-இல் பஞ்சம் ஓய்ந்தபோது இந்தியாவில் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். அப்பேரழிவின் படிப்பினையாக 1880-களில் பஞ்ச நிவாரண விதித்தொகுப்பு உருவாயிற்று. பஞ்சத்தின் முன்குறிகள் எவை, அரசு எப்போது என்ன செய்தல் வேண்டும் என்பவற்றை அது வகுத்துரைத்தது.

விதி எழுதியாயிற்று. அது மக்களைக் காத்ததா? 1943-இல் வங்காளத்தைப் பாருங்கள். அதற்கு முந்தைய ஆண்டு பர்மா சப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசியின் வரவு நின்றது. பகைவர் கையில் சிக்கலாகாது என்று கருதி, கடலோர மாவட்டங்களில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் படகுகளை அரசு பறித்தது. மீனவன் தொழில் இழந்தான். உழவன் சந்தைக்குச் செல்லும் வழி இழந்தான். 1942 அக்டோபரில் மிதினாப்பூரைப் புயல் தாக்கியது. போர்ச் செலவால் பணம் பெருகி, அரிசி விலை பன்மடங்கு ஏறியது. கல்கத்தாவின் ஆலைத் தொழிலாளர்க்கும் அரசு ஊழியர்க்கும் மலிவு விலையில் அரிசி கிடைத்தது. நாட்டுப்புறத்துக் கூலியாளுக்கு எதுவும் கிட்டவில்லை. விதித்தொகுப்பு இருந்தும், பஞ்சம் என்று அரசு அறிவிக்கவேயில்லை. அவ்வாண்டு ஆகத்து 22-இல் 'ஸ்டேட்ஸ்மன்' இதழ் வெளியிட்ட நிழற்படங்களே உலகின் கண்ணைத் திறந்தன. மாண்டோர் இருபது முதல் முப்பது இலட்சம் என்பர்.

அப்பஞ்சத்தை ஒன்பது வயதுச் சிறுவனாகக் கண்டவர் அமர்த்தியா சென். பஞ்சமே இல்லாதிருந்த 1941-ஐ விட 1943-இல் வங்காளத்தில் உணவு இருப்பு அதிகம் என்று அவர் 1981-இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். அக்கணக்கினை மறுக்கும் ஆய்வாளரும் உளர். எனினும், சந்தையில் அரிசி இருப்பது வேறு, அதனை வாங்கும் வலிமை ஏழையிடம் இருப்பது வேறு என்னும் அவருடைய கருத்து இன்று உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ளது.

இவையெல்லாம் அந்நியர் ஆட்சிக்காலச் செய்திகள் என்று நாம் ஆறுதல் கொள்ள இயலாது. நம் காலத்துச் சோமாலியாவைக் காண்போம். 2010-இன் பிற்பகுதியிலிருந்தே எச்சரிக்கைகள் வந்தவண்ணம் இருந்தன. உதவி நிறுவனங்கள் பலவற்றை ஆயுதக் குழுவினர் தடுத்தனர். அக்குழுவிற்குப் பொருள் சென்றுவிடுமோ என்று நன்கொடை நாடுகள் தயங்கின. 2011 சூலை 20-இல்தான் ஐக்கிய நாடுகள் அவை பஞ்சம் என்று அறிவித்தது. மாண்டோர் ஏறத்தாழ 2,60,000 பேர். அவருள் பாதியளவினர் ஐந்து வயது நிரம்பாக் குழந்தைகள். அறிவிப்பு வருமுன்னரே பெருந்தொகையினர் இறந்துவிட்டனர்.

இதில் வியப்பில்லை. ஐந்தில் ஒரு குடும்பம் உணவின்றித் தவித்தல் வேண்டும். குழந்தைகளில் நூற்றுக்கு முப்பதின்மர் கடும் ஊட்டக்குறைவு உற்றிருத்தல் வேண்டும். பத்தாயிரவர்க்கு நாள்தோறும் இருவர் இறத்தல் வேண்டும். இவை மூன்றும் கூடினாற்றான் 'பஞ்சம்' என்று பெயரிடுகின்றனர். அப்பெயருக்காகக் காத்திருப்போர் பிணங்களை எண்ணும்வரை காத்திருக்கின்றனர்.

அதே சோமாலியாவில் 2020-க்குப் பின் ஐந்து பருவமழைகள் தொடர்ந்து பொய்த்தன. இம்முறை உதவி பெருமளவில் உரிய காலத்தில் சென்றது. பஞ்சம் என்று அறிவிக்கும் நிலை வரவில்லை. உயிரிழப்பு இல்லாமற் போகவில்லை. 2022-இல் மட்டும் ஏறத்தாழ 43,000 பேர் மாண்டனர் என்பது ஒரு மதிப்பீடு. ஆயினும் நெடிய வறட்சியில் இழப்புக் குறைந்தமைக்கு முந்திச் செயற்பட்டமை பெருங்காரணமாகும்.

சூடானில் நீல நைலுக்கும் வெள்ளை நைலுக்கும் இடையே கெசீரா என்னும் மாபெரும் பாசனப் பகுதி உள்ளது. 2023 ஏப்பிரலில் மூண்ட உள்நாட்டுப் போர், அவ்வாண்டின் இறுதியில் அவ்வயல்களையும் எட்டியது. 2024 ஆகத்தில், தார்பூரின் சம்சம் இடம்பெயர்ந்தோர் முகாமில் பஞ்சம் உறுதிசெய்யப்பட்டது. நைல் வற்றவில்லை; வழிகள் அடைபட்டன. மக்களைப் பட்டினியிடுவதைப் போர்முறையாகக் கொள்வதைக் கண்டித்துப் பாதுகாப்பு மன்றம் 2018-இல் 2417 என்னும் எண்ணுடைய தீர்மானத்தை நிறைவேற்றியது. அதனை மீறுவோரைத் தண்டிக்கும் துணிவுதான் உலகிற்கு இன்னும் வாய்க்கவில்லை.

தீர்வு யாது? உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களை இவ்வவையோர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. பஞ்சத்திற்கு நான்கும் ஒருங்கே வேண்டும். சந்தையில் தானியம் இருக்கும் ஊரில் பணமாகக் கொடுப்பதே உணவுக் கொடை. வெளியிலிருந்து மூட்டைகளைக் கொணர்ந்து குவித்தால் உள்ளூர் உழவன் விலையிழப்பான். வேர்க்கடலையும் பால்பொடியும் சர்க்கரையும் எண்ணெயும் சத்துப்பொருள்களும் சேர்ந்த பசையொன்று இன்று உண்டு. நீர் கலவாமல், அடுப்பேற்றாமல் ஊட்டலாம். நலிந்த குழந்தையை மீட்கும். அதுவே மருந்து. இறப்புகளை மறைக்காது எண்ணுவதும், அச்சமின்றி எழுதுவதும் கல்வி. உணவு வண்டிக்கும் அதனை ஓட்டுபவனுக்கும் ஊறு நேராமற் காப்பது அடைக்கலம். முதல் இரண்டையும் நம்மனோர் ஈயலாம். பின்னிரண்டையும் அரசுகளே செய்தல் வேண்டும். அவற்றை இடையறாது கேட்டு நிற்பது குடிமக்களாகிய நம் கடன்.

ஒரு வேண்டுகோளுடன் நிறைவு செய்கின்றேன். எலும்பும் தோலுமான குழந்தையின் படம் வந்தபின் நாம் உண்டியல் ஏந்துகின்றோம். அப்படத்திற்கு முன்னரே எச்சரிக்கைச் செய்தி நாளிதழின் உட்பக்கத்தில் சிறிதாக வந்திருக்கும். இல்லந்தோறும் அச்செய்தியைப் படிக்கும் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். இவ்வறக்கட்டளை ஆண்டுதோறும் ஒதுக்கும் நிதியில் ஒரு சிறு பங்கினை, அழைப்பு வருமுன்னரே அனுப்புவதற்கென்று தனியே வைத்தல் வேண்டும். அவ்வாறு அனுப்பிய பணம் எவ்வுயிரைக் காத்தது என்பது நமக்குத் தெரியாமலே போகலாம். தெரியாமற் போவதே நன்று. அங்கே படமெடுக்க எதுவும் நிகழவில்லை என்பது அதன் பொருள்.