தீங்கும் பொறுப்பும்: நிரூபிப்பது எப்படி?

(நூற்றாண்டு விழாவையொட்டிய சொற்பொழிவுத் தொடரில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பிலிருந்து சட்டத்துறைக்குப் போனவர்கள் மூன்று பேர். சங்கம் எங்களில் ஒருவரைத்தான் பேச அழைத்தது. ஆனால் இந்த உரையை மூவரும் சேர்ந்தே எழுதினோம். இதற்குப் பின்னால் இருக்கும் கடன் மூவருக்கும் உரியது.

சில வருடங்களுக்கு முன் எங்களுடன் படித்த தோழி ஒருத்தி எங்களிடம் வந்தாள். அவளுடைய தகப்பனார் நீரிழிவு நோயாளி. காலில் புண்ணோடு ஒரு வைத்தியசாலைக்குப் போனவரை, மருந்து கட்டி, அடுத்த கிளினிக்குக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த நாள் வருமுன்பே காய்ச்சல் கண்டு, கிருமி இரத்தத்தில் ஏறி அவர் இறந்துபோனார்.

"அண்டைக்கே வார்ட்டிலை மறிச்சு வைச்சிருந்தால் அப்பா இருந்திருப்பார். வழக்குப் போடலாமோ?" என்று கேட்டாள்.

நாங்கள் கேள்விமேல் கேள்வி கேட்டோம். போனது எந்தத் திகதி? பார்த்த வைத்தியர் யார்? அன்றைக்குக் காய்ச்சல் இருந்ததா? கிளினிக் கொப்பி எங்கே? கொப்பியை அந்தியேட்டிக்கு வீடு துப்புரவாக்கியபோது அப்பாவின் பழைய உடுப்புகளோடு எரித்துவிட்டார்கள். அவர் இறந்து மூன்று வருடமும் கடந்துவிட்டது. "இதிலே வழக்கு இல்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டோம்.

"அப்ப, பிழையே நடக்கேல்லை எண்டு சொல்லுறியளோ?" என்று கேட்டுவிட்டு அவள் எழும்பிப் போனாள். அன்று அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலையே இன்று உங்கள்முன் சொல்ல வந்திருக்கிறோம்.

ஒருவருடைய தவறால் இன்னொருவருக்கு நேரும் கேட்டுக்கு நட்டஈடு கேட்கும் சட்டத்தைத் தீங்கியல் என்கிறோம். நம் நாட்டில் இதற்கு அடிப்படை உரோமன் டச்சுச் சட்டம். ஆங்கிலச் சட்டத்தின் செல்வாக்கும் உண்டு. கவனயீனத்துக்காக வழக்காடுபவர் மூன்று படிகள் ஏற வேண்டும். எதிராளிக்குக் கவனமாக இருக்கும் கடமை இருந்தது. அவர் அதில் தவறினார். அந்தத் தவறே தீங்கை விளைவித்தது. இரண்டாம் படியில் நின்றுகொண்டு வழக்கு வென்றுவிட்டதாக நினைப்பவர்கள் பலர். மூன்றாவது படிதான் செங்குத்தானது.

அந்தப் படியில் நீதிமன்றம் கேட்பது ஒரு கேள்வி: "அந்தத் தவறு நடந்திராவிட்டால் இந்தத் தீங்கு நேர்ந்திருக்குமா?" 1966ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளன்று இலண்டனில் மூன்று இரவுக் காவலாளர்கள் தேநீர் குடித்துவிட்டு வாந்தியோடு வைத்தியசாலைக்கு வந்தார்கள். தாதி தொலைபேசியில் சொன்னபோது, வைத்தியர் வந்து பார்க்காமலே, வீட்டுக்குப் போய்த் தத்தம் வைத்தியரைக் காணட்டும் என்று சொல்லிவிட்டார். சில மணி நேரத்தில் ஒருவர் இறந்தார். தேநீரில் ஆர்செனிக் நஞ்சு கலந்திருந்தது. மனைவி வழக்குத் தொடுத்தார். வைத்தியர் பார்க்காமல் விட்டது தவறு என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆனால் உடனே பார்த்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று சாட்சியம் காட்டியது. வழக்கு தோற்றது. இதுவே சட்ட மாணவர்கள் படிக்கும் பார்னெட் வழக்கு.

நம் நாட்டிலும் இதற்கு ஒத்த வழக்கு ஒன்று உண்டு. 1992இல் கொழும்பில் ஒரு சிறுமி இறந்தாள். அவளுக்கு இருந்தது மூளைத் தண்டில் கட்டி. வைத்தியம் பார்த்தது வேறு நோய்க்கு. மாவட்ட நீதிமன்றம் தகப்பனாருக்கு 50 இலட்சம் ரூபாய் நட்டஈடு வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் நீக்கியது. அந்தக் கட்டி ஏறத்தாழ எப்போதும் மரணத்தில் முடிவது. கவனயீனமே மரணத்தை விளைவித்தது என்று நிறுவப்படவில்லை என்றது. சொய்சா எதிர் ஆர்சகுலரத்ன என்று சட்ட அறிக்கைகளில் இருக்கும் அந்தத் தீர்ப்பை வாசிக்கும்போது இன்றும் மனம் கனக்கும்.

அன்று பழைய சட்டம் பணத்தால் கணக்கிடக்கூடிய இழப்பையே கவனித்தது. உழைக்காத பிள்ளையின் இறப்புக்கு அதில் பெறுமதி இல்லை. அன்பையும் அரவணைப்பையும் இழந்ததற்கும் நட்டஈடு கேட்க 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது. ஆனால் மூன்றாம் படி இன்றும் அப்படியே இருக்கிறது.

சகோதரிகளே, இந்தப் படி ஏற முடியாதது அல்ல. இது குற்ற வழக்கு அல்ல. நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டியதில்லை. தராசின் தட்டு நம் பக்கம் சற்றே தாழ்ந்தால் போதும். தவறு செய்தவர் பலர் என்றாலும் சட்டம் கைவிரித்துவிடுவதில்லை. பல முதலாளிகளிடம் வேலை செய்து அஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசித்துப் புற்றுநோய் கண்ட தொழிலாளர்களுக்கு, எவருடைய தூசி நோயைத் தந்தது என்று சொல்ல முடியாமல் இருந்தது. 2002இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை, ஆபத்தைக் கணிசமாகக் கூட்டிய ஒவ்வொருவரும் பொறுப்பாளி என்று தீர்த்தது.

நம் பக்கத்தில் சுன்னாகத்தை நினைத்துப் பாருங்கள். கிணற்றில் எண்ணெய் மிதந்தால், அது எங்கிருந்து வந்தது என்று தண்ணீர் தானாகச் சொல்லாது. சுன்னாகத்தில் மின் உற்பத்தி பல காலமாக, பல கைகளில் நடந்தது. ஆனால் கிணற்று நீர் மாதிரிகள் எடுக்கப்பட்டன. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை பரிசோதித்தது. சூழலியலாளர் ஒருவர் தொடுத்த மனு அடிப்படை உரிமை மனுவே தவிர, தீங்கியல் வழக்கு அல்ல. எனினும் யார் விளைவித்தது என்ற அதே கேள்விதான் அங்கும் எழுந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று கட்டளையிட்டது. நம் சனங்களின் கண்ணீரைக் கடதாசிகள் தாங்கிப் பிடித்த இடம் அது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் எளிமையானது. வீட்டில் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதுங்கள்: திகதி, நேரம், யார் பார்த்தார், என்ன சொன்னார், என்ன மருந்து. கிளினிக் கொப்பியையும் இரத்தப் பரிசோதனைத் துண்டுகளையும் எரிக்காதீர்கள். அரச நிறுவனத்தின் பதிவுகளைக் கேட்க 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நட்டஈட்டு வழக்கை இரண்டு வருடத்துக்குள் தொடுக்க வேண்டும்; 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. துக்கம் ஆறிய பிறகு பார்ப்போம் என்றிருந்தால் காலம் போய்விடும்.

நம்மில் வைத்தியர்கள், தாதியர், பொறியியலாளர், அதிபர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கும் ஒரு சொல். நடந்ததை நடந்த நேரத்தில் எழுதுங்கள், பிறகு திருத்தாதீர்கள். ஒழுங்கான பதிவு பாதிக்கப்பட்டவருக்கு மட்டுமல்ல, கவனமாக வேலை செய்தவருக்கும் காவல். கொப்பியின் ஓரத்தில் திகதி போடாவிட்டால் திருத்தித் தராத ஆசிரியைகளிடம் படித்தவர்கள் நாம்.

இனி, எங்கள் தோழிக்கு. பிழை நடக்கவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. நிரூபிக்க முடியவில்லை என்பதும், நடக்கவில்லை என்பதும் ஒன்றல்ல. ஆர்செனிக் நஞ்சையும் மூளைக் கட்டியையும் போல் அல்ல உன் அப்பாவின் புண். நேரத்தோடு பார்த்தால் பலர் பிழைக்கும் நோய் அது. உன் கேள்வி நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அந்தக் கொப்பியில் இருந்திருக்கலாம். அதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லாமல் உன்னை வெறுங்கையோடு அனுப்பியது எங்கள் கவனயீனம்.

அவள் இப்போது கடல் கடந்து இருக்கிறாள். இந்த உரை மலரில் அச்சாகும் என்று சங்கம் சொல்லியிருக்கிறது. மலர் அவளிடமும் போய்ச் சேரட்டும்.