திருப்பிக் கொடுத்த பொருளுக்குப் பணம் எப்போது வரும்?

சேலை, மிக்ஸி, தையல் மிஷின் என்று செல்போனிலேயே வாங்குவது இப்போது கள்ளக்குறிச்சியிலும் உண்டு, கல்வராயன்மலையிலும் உண்டு. பொருள் சரியில்லையென்று திருப்பிக் கொடுத்துடுறோம். பணம் மட்டும் வர மாட்டேங்குது. குழுவில் கடன் எடுத்து வாங்கியிருந்தால் தவணை நமக்காகக் காத்திருக்குமா? அதனால் பணம் எங்கே நிற்குதுன்னு முதலில் தெரிஞ்சுக்கணும்.

இதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, நம்ம கணக்கில் பணம் போயிடுச்சு, கடைக்குப் போய்ச் சேரலை. ரிசர்வ் வங்கியின் 2019 உத்தரவுப்படி, யு.பி.ஐ.யில் கடைக்குக் கட்டிய பணம் இப்படி நின்றால் 5 நாளுக்குள் தானாகத் திரும்பணும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நமக்குச் சேர்த்துத் தரணும்.

இரண்டு, பொருளைத் திருப்பிக் கொடுத்தது. அது விற்றவரிடம் போய்ச் சேரணும், அவர் சரிபார்க்கணும், பிறகு வங்கி வரவு வைக்கணும். இதற்குச் சில நாள் ஆகும். ஆனால் இதற்கும் கெடு உண்டு. குறையுள்ள பொருளுக்கு, பில்லில் சொன்ன காலத்துக்குள் பணம் தரணும். பில்லில் எதுவும் சொல்லலைன்னா 30 நாள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இப்படித்தான் சொல்லுது.

பணம் எந்தக் கணக்கிலிருந்து போனதோ, பெரும்பாலும் அங்கேயே திரும்பும். மகன் போனில் கட்டிவிட்டு நம்ம பாஸ்புக்கில் தேடினால் கிடைக்காது.

பில், ஆர்டர் எண், பார்சலைத் திருப்பிக் கொடுத்த ரசீது மூன்றையும் பத்திரமா வையுங்க. "பணம் அனுப்பிட்டோம்" என்று சொன்னால், அனுப்பியதற்கான எண்ணைக் கேட்டு வாங்கி வங்கியில் காட்டுங்க. கெடு தாண்டினால் 1915-க்குப் போன் போடுங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். அதிலும் தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. கடை டெல்லியில் இருந்தாலும் நாம குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. 2 வருடத்துக்குள் கொடுத்துடணும்.

பணம் தாமதமாகிற நேரம் பார்த்துத்தான் ஏமாற்றுக்காரர்களும் வருவாங்க. "கம்பெனியிலிருந்து பேசுறோம், ஓ.டி.பி. சொல்லுங்க, பின் நம்பர் போடுங்க" என்பார்கள். நமக்குப் பணம் வர இரண்டுமே வேண்டாம். கேட்டால் போனை வைச்சுடுங்க. பணம் போயிட்டா உடனே 1930-க்குச் சொல்லுங்க.

பணம் வராதவங்க அடுத்த குழுக் கூட்டத்துக்கு ரசீதோடு வாங்க. எழுதத் தெரிஞ்ச சகோதரிகள் உட்கார்ந்து புகாரை எழுதிக் கொடுங்க.