விருந்தினரின் கண்ணால் நம் பள்ளிவாசல்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

பிற சமயத்தார் நம் பள்ளிவாசலைக் காண விரும்பி வரும்போது நாம் அவர்களை எவ்வாறு வரவேற்பது என்பது பற்றி இன்று சில சொற்கள் கூற விழைகிறோம். பிறருடைய வழிபாட்டுத் தலங்களுக்கு விருந்தினராகச் சென்ற கிறிஸ்தவப் போதகர் ஒருவரின் சிந்தனைகளை இதற்குத் துணையாகக் கொள்வோம். விருந்தினரின் மனநிலையை விருந்தினர் வாயிலாகவே அறிவதுதானே முறை!

பார்பரா பிரவுன் டெய்லர் என்னும் அம்மையார் அமெரிக்காவின் எபிஸ்கோபல் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவர். ஜார்ஜியா மாநிலத்துச் சிற்றூர்த் திருச்சபை ஒன்றின் பொறுப்பிலிருந்து 1997ஆம் ஆண்டு விலகிய அவர், அடுத்த ஆண்டு முதல் அம்மாநிலத்துப் பீட்மாண்ட் கல்லூரியில் உலக சமயங்கள் பற்றிய பாடத்தைக் கற்பித்தார். அவருடைய மாணவர்களுள் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். ஏட்டுப் படிப்பு மட்டும் போதாதெனக் கருதிய அவர், அம்மாணவர்களை அட்லாண்டா நகரத்திற்கு அழைத்துச் சென்று, இந்துக் கோயில், யூதர்களின் ஜெபாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றைக் காணச் செய்தார். அவ்வனுபவங்களை 2019ஆம் ஆண்டு ‘ஹோலி என்வி’ என்னும் நூலாக வெளியிட்டார். ‘புனிதமான பொறாமை’ என்பது அதன் பொருள்.

அம்மாணவர்களுள் சிலர், பிறர் வழிபாட்டுத் தலத்திற்குள் நுழைந்தால் தம் நம்பிக்கைக்குப் பங்கம் நேருமோ என அஞ்சினர். அத்தகைய அச்சத்தோடு வந்தவர்களிடம் அட்லாண்டா பள்ளிவாசல் ஒன்றின் இமாம், அவர்களை முஸ்லிம்களாக மாற்றுவது தம் நோக்கமன்று என்றும், அவரவர் வழியில் மிகச் சிறந்த மனிதராக அவர்கள் விளங்க வேண்டும் என்பதே தம் விருப்பம் என்றும் கருத்துப்பட உரைத்தார். அச்சொற்கள் அம்மையாரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தன.

இவ்விடத்தில் நம்முள் சிலருக்கு ஐயம் எழலாம். அழைப்புப் பணி நம் கடமையன்றோ? ஆம், கடமைதான். ஆயினும் மார்க்கத்தில் வற்புறுத்தலுக்கு இடமில்லை என்பது குர்ஆனின் போதனை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தம்மை மாற்ற முயல்கிறார்கள் என்று எண்ணும் விருந்தினர், உள்ளே நாம் சொல்லும் எதையும் செவிமடுக்க மாட்டார். முதலில் அவருடைய அச்சம் தீர வேண்டும்.

அம்மையாரின் நூற்பெயருக்கு மூலமானவர் சுவீடன் நாட்டு லூத்தரன் இறையியலாளர் கிறிஸ்டர் ஸ்டெண்டால். ஸ்டாக்ஹோம் நகரின் பேராயராக இருந்த அவர், 1985ஆம் ஆண்டு அந்நகரின் அருகே மார்மன் சபையார் ஆலயம் எழுப்பியதை ஒட்டி எதிர்ப்பு எழுந்தபோது மூன்று நெறிகளைக் கூறினார். ஒரு சமயத்தை அறிய வேண்டுமாயின், அதன் பகைவரிடம் கேளாமல் அதைப் பின்பற்றுவோரிடம் கேட்க வேண்டும். நம்முடைய சிறந்ததைப் பிறருடைய தாழ்ந்ததோடு ஒப்பிடலாகாது. பிறர் சமயத்தில் காணும் நற்பண்பைக் கண்டு ‘புனிதமான பொறாமை’ கொள்ள உள்ளத்தில் இடம் வைக்க வேண்டும்.

பெருமக்களே! மூன்றாம் நெறி நமக்குப் புதிதன்று. பிறருடைய நலம் அழிய வேண்டுமென விரும்பும் ‘ஹஸத்’ விலக்கப்பட்டது. அந்நலம் அவரிடமே நிலைத்திருக்க, அதுபோல் தமக்கும் வேண்டுமென விரும்புவதை நம் உலமாக்கள் ‘கிப்தா’ என்பர். நற்காரியத்தில் அது போற்றத்தக்கது. அம்மையாரும் பிறரிடம் கண்ட நன்மைகளை விரும்பினாரே தவிரத் தம் சமயத்தைக் கைவிடவில்லை.

முதலிரு நெறிகளோ நம்மை உரசிப் பார்க்கும் கட்டளைக் கல். எங்கோ ஒருவன் செய்த கொடுமையைக் கொண்டு முஸ்லிம்கள் அனைவரையும் அளக்கிறார்களே என்று நாம் வருந்துகிறோம். அவ்வருத்தம் நியாயமானது. அதே வேளையில் நம் அண்டை வீட்டுக் கிறிஸ்தவரையும் இந்துவையும் நாம் எதைக் கொண்டு அளக்கிறோம்? அவர்களிடமே கேட்டறிகிறோமா, அல்லது கைப்பேசியில் வரும் வசைகளை நம்பி விடுகிறோமா? நமக்கு வேண்டும் என்று கேட்கும் நீதியைப் பிறருக்கு மறுப்பது முஃமினுக்கு அழகன்று.

நஜ்ரான் கிறிஸ்தவர்களின் தூதுக்குழு மதீனா வந்த வரலாற்றை இப்னு இஸ்ஹாக் (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். ஏறத்தாழ அறுபது பேர் கொண்ட அக்குழுவினருக்குத் தம் வழிபாட்டு நேரம் வந்தபோது, நபியவர்களின் பள்ளிவாசலிலேயே கிழக்கு நோக்கி நின்றனர். நபி (ஸல்) அவர்கள் அவர்களைத் தடுக்க வேண்டாம் என்றார்கள். ஈஸா (அலை) அவர்களைக் குறித்த விவாதத்தில் இரு தரப்பும் உடன்படவில்லை. எனினும் உடன்படிக்கை செய்துகொண்டு அவர்கள் பாதுகாப்பாக ஊர் திரும்பினர். கொள்கையில் உறுதியும் விருந்தோம்பலும் ஒரே பள்ளிவாசலில் அன்று ஒருங்கே நின்றன.

பிறருடைய வழிபாட்டுத் தலத்தினுள் நாம் செல்வது பற்றி மத்ஹபுடைய இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவர்களுடைய வழிபாட்டுச் சடங்கில் பங்குகொள்வது நமக்கு ஆகாது. ஆனால் முஸ்லிம்களின் அனுமதியோடு பிற சமயத்தார் நம் பள்ளிவாசலுக்குள் வரலாம் என்பது, மக்காவின் ஹரம் நீங்கலாக, ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு. ஹனஃபி மத்ஹபும் அனுமதிக்கிறது.

ஆதலால் நிர்வாகத்தினருக்கும் வாலிபர்களுக்கும் சில வேண்டுகோள்கள். விருந்தினர் வருவதாக அறிவித்தால் தொழுகை நேரத்தையும் ஆடை ஒழுங்கையும் முன்னதாகவே தெரிவியுங்கள். பெண்கள் அமர்வதற்கு இடம் ஒதுக்குங்கள். ஒளூ ஏன், கிப்லா ஏன், உருவங்கள் ஏன் இல்லை என்று அவர்கள் கேட்கும் எளிய வினாக்களுக்கு விடை சொல்ல நம் பிள்ளைகளை மக்தபிலேயே பழக்குங்கள். விருந்தினருக்கு விளக்க முற்படும் பிள்ளை தன் மார்க்கத்தையும் தெளிவாக அறிந்து கொள்வான். விடை தெரியாதபோது ஆலிம்களிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறுவதில் இழிவில்லை. அவர்கள் விடைபெறும்போது, அவர்களுடைய நம்பிக்கை பற்றியும் ஒரு வினா கேளுங்கள், பொறுமையோடு செவிமடுங்கள்.

ஒரு முறை வந்து சென்றவர் தம் வீட்டில் நம்மைப் பற்றி என்ன சொல்வார் என்பது, அந்த ஒரு மணி நேரத்தில் நாம் நடந்து கொண்ட முறையைப் பொறுத்தது. வல்ல ரஹ்மான் நமக்கு உறுதியான ஈமானையும் இனிய பண்பையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.